கடை எஞ்சின் தாங்குமா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

பினாங்கு மாநிலத்துப் பிறையில், எங்கள் தாமானுக்குப் (குடியிருப்புக்குப்) பின்னால் உள்ள சந்தில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தாறு காப்சாய் மோட்டார்களாவது, அதாவது சின்ன கியர் மோட்டார் சைக்கிள்களாவது, வந்து நிற்கும். நான் மெக்கானிக் இல்லை, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். இருபது வருடமாக என் ஹோண்டா இஎக்ஸ்5 காப்சாயை நானே பிரித்து நானே பூட்டுவது தெரிந்து, வண்டியோடு வந்த எஞ்சினை எடுத்துவிட்டுக் கடையில் வாங்கியதை மாற்றியவர்கள் சத்தம் கேட்டுச் சொல்லும்படி கொண்டுவருவார்கள். சாப்பாடு டெலிவரி ஓட்டும் பையன்கள்தான் அதிகம். கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இது தாங்குமா?"

எஞ்சின் மூடியில் என்ன பெயர் இருக்கிறது என்பதை வைத்து நான் பதில் சொல்வதில்லை. ஒரே கடையில், ஒரே பெயரில் வாங்கிய இரண்டு எஞ்சின்களில் ஒன்று வருடக்கணக்கில் ஓடியதையும் இன்னொன்று மூன்றே வாரத்தில் படுத்ததையும் பார்த்திருக்கிறேன். கோளாறு எஞ்சினின் எந்தப் பாதியில் இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். பிஸ்டன், ரிங், வால்வு, கேம் செயின், கேஸ்கெட் எல்லாம் மேல்பாதி. அங்கே வரும் கோளாறு எவ்வளவு பயமுறுத்தினாலும், எஞ்சினை வண்டியிலிருந்து இறக்காமலே ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), அதன் பேரிங், கியர் எல்லாம் கீழ்ப்பாதி. அங்கே கை வைக்க எஞ்சினை இறக்கி, கேஸை இரண்டாகப் பிளக்க வேண்டும். மலிவு எஞ்சினுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அதனால் எந்த அறிகுறி வந்தாலும் நான் முதலில் கேட்பது "மேலா, கீழா?"

கடை எஞ்சின் என்று இங்கே மூன்று ரகத்தைச் சொல்கிறோம். முதலாவது, சீனாவிலிருந்து புதிதாக வரும் முழு எஞ்சின். 1958-இல் ஹோண்டா சூப்பர் கப் கொண்டுவந்த படுக்கை சிலிண்டர் அமைப்பின் வாரிசுகள் இவை. லிஃபான், சோங்ஷென் இரண்டுமே 1992-இல் சோங்சிங் நகரில் தொடங்கியவை. இந்த மாதிரி எஞ்சின்களை லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளுகிற ஊர் அது. இரண்டாவது பொத்தோங், அதாவது பழைய வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின். மூன்றாவது, கீழ்ப்பாதி கம்பெனியுடையது, பிளாக்கும் (சிலிண்டர்) பிஸ்டனும் மட்டும் வெளியில் வாங்கியது. யமாஹா எல்சி135, ஒய்15 வண்டி வைத்திருக்கும் பையன்களின் வேலை பெரும்பாலும் இந்த மூன்றாவது ரகம்.

பூட்டுவதற்கு முன்

முதலில் கேஸில் அடித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். 1பி52எஃப்எம்எச் என்றிருந்தால்: 1 என்பது ஒரு சிலிண்டர், பி என்பது படுக்கை, 52 சிலிண்டர் விட்டம் மில்லிமீட்டரில், எஃப் காற்றில் குளிர்வது, எம் மோட்டார் சைக்கிளுக்கானது, எச் என்பது 110 வகுப்பு. கடைசி எழுத்து ஐ என்றால் 125. கடைக்காரர் 125 என்கிறார், கேஸில் 52-உம் எச்சும் இருக்கிறது என்றால் அங்கேயே பேச்சை நிறுத்தலாம். 110 என்று விற்பதும் கணக்குப் போட்டால் 110 வராது. 52.4 மி.மீ. விட்டம், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) என்றால் 106.7 சிசிதான். அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நம் இஎக்ஸ்5 ஒரிஜினல் 50 மி.மீ. விட்டத்தில், அதே 49.5 ஸ்ட்ரோக்கில் 97 சிசி.

அடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இடப்பக்க மூடியைத் திறந்து, மேக்னெட்டை (கிராங்கோடு சேர்ந்து சுற்றும் காந்தச் சக்கரத்தை) கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்றும் ஒரே எடையில் போக வேண்டும். கேம் வால்வைத் தள்ளும் இடத்தில் கொஞ்சம் இறுக்கம் வரும், அது சரி. வேறு எங்காவது மணல் மிதித்த மாதிரி நறநறத்தால் பேரிங்கில் சந்தேகம் வையுங்கள். மேக்னெட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் லேசாக "டொக்" என்று தட்டினாலும் அந்த எஞ்சினைப் பெட்டியிலேயே திருப்பி வையுங்கள். பூட்டிவிட்டால் கடைக்காரர் திருப்பி வாங்கமாட்டார்.

புது எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெயை நம்ப வேண்டாம். துருப்பிடிக்காமல் இருக்க ஊற்றி அனுப்பியதாகக்கூட இருக்கலாம். முழுவதும் வடித்துவிட்டு, ஈரக் கிளட்சுக்கு ஏற்ற ஜாசோ எம்ஏ முத்திரை உள்ள எண்ணெயை ஊற்றுங்கள். இஎக்ஸ்5-க்கு எண்ணெய் மாற்றும்போது 0.7 லிட்டர் போதும். பல கடை எஞ்சின்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடும், எண்ணெய் அளக்கும் குச்சியைப் பார்த்து ஊற்றுங்கள். குச்சியை மரையில் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளக்க வேண்டும். திருகி அளந்தவர்கள் அளவுக்குக் குறைவாக ஊற்றிவிட்டு, பிறகு எஞ்சினைத் திட்டுவார்கள்.

உதைத்தால் உயிரே வரவில்லை

புதிதாகப் பூட்டியதில் இது பெரும்பாலும் வயரிங். பிளக்குக்குப் பொறி அனுப்பும் சிடிஐ பெட்டி இரண்டு வகை: மேக்னெட்டில் உள்ள தனிச் சுருளிலிருந்து மின்சாரம் எடுப்பது ஒன்று, பேட்டரியிலிருந்து எடுப்பது மற்றொன்று. எஞ்சின் ஒரு வகை, வண்டியின் சிடிஐ மறுவகை என்றால் பிளக்கில் பொறி வராது. எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

பொறி இருந்தும் உதை வெண்ணெய் மாதிரி இறங்குகிறது என்றால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) அளக்க வேண்டும். கேஜ் விலை அதிகமில்லை, நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு, முள் ஏறுவது நிற்கும்வரை உதையுங்கள். 150 பிஎஸ்ஐ-க்கு மேல் என்றால் நான் நிம்மதியாகிவிடுவேன். 120-க்குக் கீழே என்றால் காரணம் தேடுவேன். பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இரண்டுமே மேல்பாதிதான், கலங்க வேண்டாம். டீகம்ப்ரஷன் உள்ள கேம், அதாவது உதைக்கும்போது வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கும் கேம், போட்ட எஞ்சின் கேஜில் குறைவாகத்தான் காட்டும். அந்த விஷயம் தெரியாமல் நல்ல ஹெட்டைப் பிரித்தவர்களில் நானும் ஒருவன்.

வால்வு இடைவெளி சரியா என்று பார்ப்பதுதான் அதற்கும் முந்திய வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, மேக்னெட்டின் "டி" குறி கேஸ் குறியோடு சேர்ந்து, வால்வை அழுத்தும் இரண்டு ராக்கரும் தளர்வாக இருக்கும் நிலையில், இஎக்ஸ்5 வகைக்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. வைப்பது வழக்கம். புது எஞ்சின்களில் பத்துக்கு நாலு என் கைக்கு வரும்போதே இந்த இடைவெளி பூஜ்ஜியமாக இருந்திருக்கிறது.

நீலப்புகை

எல்லோரையும் அதிகமாகப் பயமுறுத்துவது இதுதான். அதில் பாதி வீண் பயம். எப்போது வருகிறது என்பதை வைத்து மூலத்தைப் பிடித்துவிடலாம்.

காலையில் முதல் உதைக்கு ஒரு பீடிப் புகை அளவுக்கு வந்து, பிறகு நின்றுவிடுகிறதா? இரவெல்லாம் வால்வு தண்டு வழியாக எண்ணெய் கசிந்து இறங்கியிருக்கிறது. வால்வு சீல் மலிவு. மாற்றலாம், ஒரு வருடம் தள்ளியும் போடலாம்.

இன்னொன்றைக் கண்டுபிடிக்கப் பினாங்குத் தீவில் நல்ல பரீட்சைத் தளம் இருக்கிறது. பாயா தெருபோங்கிலிருந்து ஜாலான் துன் சார்டோன் என்ற மலைச்சாலை வழியாக மேலே ஏறி, பாலிக் பூலாவ் பக்கம் இறங்குங்கள். இறக்கத்தில் திராட்டிலை மூடி, கியரில் விட்டு வாருங்கள். கீழே சமதளம் வந்ததும் திராட்டிலைத் திறக்கும்போது பின்னால் வருகிற நண்பர் கவனிக்கட்டும். அந்த நேரத்தில் மட்டும் ஒரு மேகம் வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. மூடிய திராட்டில் உண்டாக்கும் வெற்றிடம் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். ஏற்றத்தில், திராட்டிலைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் புகை வந்தால் ரிங். அப்போது கேஸின் மூச்சுக் குழாயைக் கழற்றி விரலை வைத்துப் பாருங்கள். கொதிக்கும் கெட்டில் மாதிரி "புஸ் புஸ்" என்று அழுத்தமாகத் தள்ளினால் ரிங்கைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது என்று உறுதியாகிவிடும்.

புது எஞ்சின் முதல் 200 கிலோமீட்டருக்குள் லேசாகப் புகைந்தால் விடுங்கள். ரிங் இன்னும் சிலிண்டரோடு பழகவில்லை. 500 தாண்டியும் நிற்கவில்லை என்றால் பிளாக்கைக் கழற்றிப் பாருங்கள். 50 மி.மீ. அளவில் ரிங் வாய் இடைவெளி சுமார் 0.2 மி.மீ. இருந்தால் நல்லது. ரிங்கைத் தலைகீழாகப் போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன், எழுத்துள்ள பக்கம் மேலே வர வேண்டும். அப்புறம், எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் புகை வரும். போன மாதம் ஒரு தம்பி அழாத குறையாக வந்தான். கால் லிட்டர் வடித்துவிட்டதும் புகை நின்றது. கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம். கார்பரேட்டரைப் பாருங்கள், எஞ்சினைத் தொட வேண்டாம்.

சத்தம்

பெரிய விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்று எடுத்து, முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்துங்கள். டாக்டர் வைக்கும் குழாய்க்குச் சமம் அது.

ஹெட்டில் "டிக் டிக்" என்று மெல்லிய, சீரான சத்தம் என்றால் டேப்பட், அதாவது ராக்கர் வால்வைத் தட்டும் இடம். கொஞ்சம் சத்தம் இருப்பதே நல்லது. சத்தமே இல்லாத டேப்பட்தான் எனக்குப் பயம், இடைவெளி இல்லாமல் வால்வு எரிந்துபோகும்.

இடப்பக்கம் சிலிண்டர் ஓரமாக, ஐடிலில் மட்டும் சங்கிலி உரசுகிற மாதிரி கேட்டு, திராட்டில் கொஞ்சம் கொடுத்ததும் மறைந்தால் கேம் செயின். உதைத்த முதல் சில விநாடி மட்டும் என்றால் பொருட்படுத்த வேண்டாம். எப்போதுமே என்றால் அடியில் உள்ள டென்ஷனர் தண்டின் ரப்பரும் ஸ்பிரிங்கும், நடுவில் உள்ள ரப்பர் ரோலரும்தான் காரணம். கடை எஞ்சின்களில் இந்த ரப்பர் சீக்கிரம் கல்லாகிவிடுகிறது. ஒரிஜினல் ரோலர் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள், மேல்பாதிக் கணக்கில் அடங்கும்.

குளிர்ந்திருக்கும்போது "கட கட" என்று ஆரம்பித்து, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடுகிறது. பெரிய பிளாக் போட்டவர்களுக்கு இது பழக்கம். ஃபோர்ஜ்ட் பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். அதனால் காலையில் முனகத்தான் செய்யும். வயதான மனிதர் படுக்கையிலிருந்து எழுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூடானாலும் குறையாமல், திராட்டிலைப் பாதி திறந்து மூடும்போது அடியிலிருந்து "டொக் டொக்" என்று கனமாகத் தட்டினால், அது பிக் எண்ட், கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம். கீழ்ப்பாதி. இதை நான் சொந்தக் காசில் கற்றேன். சில வருடத்துக்கு முன் பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் புது 110 எஞ்சின் வாங்கிப் பூட்டினேன். இரண்டாம் வாரம் ஏதோ தட்டியது. கடைக்காரர் எட்டிப் பார்த்து "டேப்பட்தான்லா, ஓட்டு" என்றார். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. மூன்றாம் வாரம் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது பினாங்குப் பாலத்தில், தீவிலிருந்து பாதி தூரம் வந்த இடத்தில் ராடு உடைந்து கேஸைக் குத்திக்கொண்டு வந்தது. 13.5 கிலோமீட்டர் பாலம். மோட்டார் பாதையில் கடல் காற்றில் தள்ளிக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு மீட்டரும் தெரியும். அதற்கப்புறம் கடைக்காரர் கியாரண்டி என்ற வார்த்தையையே மறந்துவிட்டார்.

பிரிக்காமலே இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு, தண்ணீர்ப் பொட்டலத்தோடு வரும் ஸ்ட்ரா ஒன்றை உள்ளே விட்டு, பிஸ்டன் தலையில் முட்ட வையுங்கள். பிஸ்டன் பாதி வழியில் இருக்கட்டும். மேக்னெட்டை நூலளவு முன்னும் பின்னும் அசையுங்கள். மேக்னெட் அசைந்த அதே கணம் ஸ்ட்ராவும் அசைய வேண்டும். மேக்னெட் கொஞ்ச தூரம் சும்மா போன பிறகுதான் ஸ்ட்ரா நகர்கிறது என்றால், அந்தச் சும்மா போன தூரம்தான் உங்கள் தேய்மானம். பிளாக் கழற்றியிருந்தால் இன்னும் சுலபம்: ராடை மேலே கீழே இழுத்துப் பாருங்கள், துளிகூட ஆடக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கியர் எதுவானாலும் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து "ஊ…ங்" என்று உறுமி, கால்மிதியில் அதிர்வு தெரிந்தால் மெயின் பேரிங். அதுவும் கீழ்தான். ஆனால் கடை எஞ்சினுக்கும் ஒரிஜினலுக்கும் பேரிங் எண் ஒன்றே என்பதால், நல்ல ஜப்பான் பேரிங் வாங்கி மாற்ற ஒப்புக்கொள்ளும் பொறுமையான மெக்கானிக் தெரிந்தவருக்கு இந்த ஒன்றில் மட்டும் என் விதியைத் தளர்த்துவேன்.

எண்ணெயில் மினுமினுப்பு

புது எஞ்சினில் முதல் எண்ணெயை 50 கிலோமீட்டரிலேயே வடித்துவிடுங்கள், பிறகு 200, பிறகு 500. காசு போகிறதே என்று நினைக்காதீர்கள். வார்ப்பு மணல், கேஸ்கெட் சிலிக்கான் துண்டு எல்லாம் அதோடு வெளியே வரும்.

வடித்த எண்ணெயைப் பழைய கோப்பி வடிகட்டும் துணியில் ஊற்றிப் பாருங்கள். வெயிலில் காட்டினால் சாம்பல் நிறத்தில் மைபோல மினுங்குவது முதல் இரண்டு முறை வரலாம். நகத்தில் சிக்கும் அளவுக்குத் துண்டு கிடைத்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு: கியர், பேரிங், கிராங்க். ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் அலுமினியம்: பிஸ்டன் அல்லது கேஸ். பித்தளை நிறம் என்றால் ஏதோ ஒரு புஷ். மூன்றாம் முறையும் காந்தத்தில் ஊசி ஊசியாக ஒட்டினால் நான் அந்த எஞ்சினில் கோலாலம்பூர் வரை போகமாட்டேன்.

இஎக்ஸ்5 வகைக்கு கார் மாதிரி காகித வடிகட்டி கிடையாது. கிராங்கில் உள்ள கிளட்சுக்குள், சுழற்சியால் அழுக்கைத் தள்ளி ஒட்டவைக்கும் கிண்ணம் ஒன்று இருக்கிறது, அடியில் ஒரு கம்பி வலையும் உண்டு. வலப்பக்க மூடியைத் திறந்து ஆயிரம் கிலோமீட்டரில் ஒருமுறை இரண்டையும் துடைத்துவிடுங்கள். அந்தக் கிண்ணத்தில் படிந்திருப்பதுதான் உங்கள் எஞ்சினின் நாட்குறிப்பு.

மேலே எண்ணெய் ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். டேப்பட் மூடியைத் திறந்து ஐடிலில் விட்டால் உள்ளே எண்ணெய் நனைந்து தெறிக்க வேண்டும். ஒரு நிமிடமாகியும் காய்ந்திருந்தால் உடனே நிறுத்துங்கள், கேம் கருகிவிடும். கேஸ்கெட்டைப் பூசும்போது சிலிக்கானை அள்ளி அப்பியவர்கள் எண்ணெய் வழியை அடைத்துவிடுவது உண்டு. ஹெட் நட்டில் எண்ணெய் கசிந்தால் வாஷரைப் பாருங்கள். எண்ணெய் போகும் ஒரு ஸ்டட்டில் மட்டும் செப்பு வாஷர் வரும். அவசரத்தில் மாற்றிப் போட்டிருப்பார்கள்.

சூடானதும் நின்றுவிடுகிறது

பட்டர்வொர்த்திலிருந்து படகில் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சூடாக ஓடிவந்த எஞ்சினை அணைத்து, படகில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு, மறுகரையில் உதைத்தால் எழுந்திருக்காது. பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் நடை வேகத்தில் ஊர்ந்தாலும் இதே கதை.

அங்கேயே நின்று இரண்டு விஷயம் பாருங்கள். உதைக்கு எதிர்ப்பு இருக்கிறதா? இல்லாவிட்டால் வால்வு இடைவெளி போய்விட்டது. புது எஞ்சினில் வால்வு இருக்கையில் அழுந்தி அழுந்தி உள்ளே இறங்கும், இடைவெளி சுருங்கும், சூட்டில் வால்வு முழுதாக மூடாது. குளிர்ந்ததும் 0.05 வைத்தால் தீர்ந்தது. எதிர்ப்பு இருக்கிறது என்றால் பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். சூட்டில் பொறி இல்லை, குளிர்ந்தால் இருக்கிறது என்றால் எப்போது பொறி விட வேண்டும் என்று சிடிஐக்குச் சொல்லும் பல்சர் சுருளோ இக்னிஷன் காயிலோ சூட்டில் அறுந்துபோகிறது. இரண்டும் சரி என்றால் பெட்ரோல் மூடியைத் திறந்துவிட்டு உதைத்துப் பாருங்கள், மூச்சுத் துளை அடைத்திருக்கலாம். மூன்றிலும் கீழ்ப்பாதிக்கு வேலையில்லை.

பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. 97 சிசிக்கு வைத்த ஜெட்டோடு 125 எஞ்சினைப் பூட்டியவர்களிடம் இதைத்தான் பார்க்கிறேன். மெயின் ஜெட்டை ஏற்றுங்கள். ஐடிலில் ஓடும்போது இன்டேக் குழாய் இணைப்பில் கார்பரேட்டர் கிளீனர் தெளித்தும் பாருங்கள். எஞ்சின் வேகம் மாறினால் அங்கே காற்று நுழைகிறது. இதைச் சரிசெய்யாமல் பாலத்தில் முழு வேகத்தில் போனால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். பாலத்தைப் பற்றி இன்னொன்று: ரிங் பழகும் முதல் நாட்களில் அங்கே போகாதீர்கள். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டுவது ரிங்குக்கு ஆகாது. ஊருக்குள் கியர் மாற்றி மாற்றி, திராட்டிலைத் திறந்தும் மூடியும் ஓட்டுங்கள்.

ஏற்றத்தில் சில்லறை குலுங்குகிற சத்தம்

இது பெரிய பிளாக் போட்டவர்களுக்கு மட்டும். எல்சி135-இன் விட்டம் 54 மி.மீ., ஸ்ட்ரோக் 58.7. அதே ஸ்ட்ரோக்கில் 57 போட்டால் 149.8 சிசி, ஒய்15-இன் அளவே. 62 போட்டால் 177. 65 போட்டால் 195-ஐத் தொடும். கடையில் இதுவரைதான் சொல்வார்கள். ஹெட்டில் உள்ள எரிகூடம் அப்படியே இருக்க, கீழிருந்து தள்ளும் காற்று மட்டும் கூடினால் கம்ப்ரெஷன் விகிதம் (காற்று எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது) என்னவாகும்? ஒரிஜினல் 10.9. எரிகூட அளவை மாற்றாமல் 62 போட்டால் 14 வந்துவிடும். ரான் 95 (ஆக்டேன் எண் 95) பெட்ரோல் அதற்குத் தாங்காமல் முன்கூட்டியே வெடிக்கும். ஏற்றத்தில், தாழ்ந்த வேகத்தில், டின்னுக்குள் சில்லறை குலுங்குகிற மாதிரி கேட்கும். ரான் 97 ஊற்றினால் கொஞ்சம் அடங்கும், தீராது. குழிவான பிஸ்டனோ, எரிகூடத்தை விரித்த ஹெட்டோ வேண்டும். இதை வைத்துக்கொண்டே ஓட்டினால் மேல்பாதிக் கோளாறாக ஆரம்பித்தது பிஸ்டனில் ஓட்டை போட்டு, ராடு பேரிங்கையும் அடித்து, கீழ்ப்பாதிக் கோளாறாக முடியும்.

என் சொந்தக் கருத்து: 57-க்கு மேல் போகிறவர் தினமும் வேலைக்குப் போக இன்னொரு வண்டி வைத்திருக்க வேண்டும்.

கியர் விழவில்லை, அல்லது விழுந்தது வெளியே வருகிறது

விழவில்லை என்றால் முதலில் கிளட்ச் அட்ஜஸ்டர். வலப்பக்க மூடியின் நடுவில் உள்ள நட்டைத் தளர்த்தி, திருகை வலப்புறம் ஒரு சுற்று, பிறகு இடப்புறம் மெதுவாகத் திருப்பி, கையில் தடை தெரியும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து வலப்புறம் எட்டில் ஒரு பங்கு. பாதிப் புகார்கள் இதோடு முடிந்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தி வண்டி போகவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கார் எண்ணெய் ஊற்றினீர்களா என்று கேட்பேன், பெரும்பாலும் "ஆமாண்ணே" என்பார்கள்.

இரண்டாவது, மூன்றாவது கியர் பாரத்தில் தானாகக் கழன்று வந்தால் கியர் பற்களின் முனை மழுங்கியது. பொத்தோங் எஞ்சினில் இது சகஜம். கீழ்ப்பாதி. திருப்பிக் கொடுங்கள், முடியாவிட்டால் பாகங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியும் இல்லை, ஆனால் ரோட்டில் நிறுத்துகிறார்கள்

கெரானில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) எஞ்சின் எண்ணும் சிசியும் எழுதியிருக்கிறது. எஞ்சின் மாற்றினால் ரசீதோடு ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) அனுமதி வாங்கி, வண்டியைச் சோதனைக்குக் காட்டி, எண்ணை மாற்றி எழுத வேண்டும். 150 சிசியைத் தாண்டினால் ரோடு டேக்ஸ் கட்டணமும் தாண்டும். விபத்து நடந்த பிறகு எண் பொருந்தவில்லை என்று இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்தால் வாதாட வழியில்லை.

பொத்தோங் வாங்கப் போனால் கையோடு ஒரு டார்ச்சும் பழைய பல் துலக்கியும் கொண்டுபோங்கள். எண் அடித்த இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். அங்கே அரம் ஓடிய தடமோ, மற்ற எழுத்தோடு சேராத எழுத்தோ தெரிந்தால், எஞ்சின் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடினாலும் விலை கேட்காமல் வந்துவிடுங்கள்.